அத்தையின் குதிரையும் கத்துகிற கடிகாரமும்

“எங்க மாப்பிள்ளை, என் குதிரை?” என்று மாமியார் கேட்டபோது ரயில்வே அறிவிப்பாளரின் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது.

அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. மென்று விழுங்குவதற்குள் ஒரு பதில் தயார் செய்துவிடலாம். புதிதாகச் சாயம் பூசிய கூடத்துச் சுவரில் ஓர் ஆணி மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அவரும் மனைவியும் மாமியாரும் அந்த ஆணியையே பார்த்தார்கள்.

“ஃப்ரேம் போடக் குடுத்திருக்கேன் அத்தை. பழைய ஃப்ரேம் செல்லரிச்சுப் போச்சு.”

கீச், கீச், கீச் என்று அவருடைய இடது கையிலிருந்து சத்தம் வந்தது.

“என்னது அது?”

“கடிகாரம் அத்தை.”

“அலாரமா?”

“இல்ல. என் இதயம்.”

மாமியார் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பரீட்சை அறைக்குள் அவர் காலடி வைத்தாலே பையன்கள் தாங்களாகவே சட்டைக்குள்ளிருந்து துண்டுச் சீட்டை எடுத்து நீட்டிவிடுவார்களாம். அப்படிப்பட்டவரிடம் கடிகாரத்தைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதயமும் நரம்பு மண்டலமும் குடும்பத்துக்குள் என்ன பாடு படுகின்றன என்று ஆராய்கிற நிலையம் ஒன்று, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வருகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒரு சின்ன வில்லையை ஒட்டிக்கொள்ள வேண்டும். அது இதயத் துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளந்து நிலையத்துக் கணினிக்கு அனுப்பும். கணினி யோசித்துப் பார்த்து, இந்த ஆள் பதறுகிறார் என்று முடிவு கட்டினால், அந்த வில்லைக்கு ஜோடியாகக் கையில் இருக்கிற கடிகாரத்தைக் கத்த வைக்கும். கத்தியதும் மூச்சை நிதானமாக இழுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் மனம் அடங்குகிறதா என்பதுதான் ஆராய்ச்சி.

அறிவிப்பாளர் இதில் சேர்ந்ததற்கு விஞ்ஞானத்தின் மேல் உள்ள பற்று காரணமில்லை, கர்வம்தான். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கும் குரல் அவருடையது. எந்த வண்டி எவ்வளவு தாமதமாக வந்தாலும் அந்தக் குரலில் ஒரு சுருக்கம் விழாது. நடைமேடையில் எல்லோரும் அவரைத் ‘தாமதம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பயணி ஒருமுறை அறைக்குள் புகுந்து சட்டையைப் பிடித்து உலுக்கியபோதுகூட, உலுக்கலுக்கு நடுவே, “சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று மைக்கில் சொல்லி முடித்துவிட்டுத்தான் சட்டையை விடுவித்துக்கொண்டார்.

“என் கடிகாரம் கத்தவே கத்தாது. உன்னுதுதான் ஓயாம கத்தப் போகுது, பாரேன்” என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அவருக்கு வேலை இருந்த நாளில் அவளே ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், இரண்டு பேருக்கும் வில்லையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வந்தாள். கடிகாரங்கள் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன.

குதிரை காணாமல் போனதும் அதே நாளில்தான்.

அந்தக் குதிரையை மாமியார் தன் கையாலேயே வரைந்து கல்யாணப் பரிசாகக் கொடுத்திருந்தார். அது குதிரை என்பது அவர் சொன்னதால் தெரியும். கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் கால்கள் இருந்தன; ஆனால் எல்லாம் ஒரே மிருகத்தின் கால்கள் என்று சொல்லிவிட முடியாது. வாய் நிறைய மனிதப் பற்களோடு அது சிரிக்கும். கூடத்தில் யார் சாப்பிட உட்கார்ந்தாலும் அவர்கள் தட்டையே பார்க்கும். கொடுக்கும்போது மாமியார் சொன்னார்: “இதப் பத்திரமா பாத்துக்கிறவர்தான் என் பொண்ணையும் பத்திரமா பாத்துப்பார்.”

மாமியாருக்கு அவர்மேல் அப்போது அவ்வளவாக நம்பிக்கை இல்லை. வண்டியின் தாமதத்தை அறிவிப்பது ஒரு வேலையா என்று கேட்டவர் அவர். அதனாலேயே அறிவிப்பாளர் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குதிரையைத் தூசு தட்டித் துடைத்துக் காப்பாற்றி வந்தார். வீடு மாறியபோது மற்ற சாமான்கள் லாரியில் வந்தன. குதிரை அவர் மடியில் வந்தது.

அப்பேர்ப்பட்ட குதிரையைச் சாயம் பூசுவதற்காகக் கழற்றி, வாசல் கதவுக்கு வெளியே நடையில் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். சாயம் பூச வந்தவர் உள்ளறையில் இருந்தார். மனைவி ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் ஆள் இல்லை. மாலையில் திரும்பி வந்து பார்த்தால் குதிரையும் இல்லை. மாடிப்படி, மொட்டை மாடி, குப்பைத் தொட்டி எல்லாம் தேடினார். காலையில் குப்பை வண்டி வந்து போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

“ஃப்ரேம் போடக் குடுத்துட்டேன்” என்றார் மனைவியிடம்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “ஓ, அப்படியா. நல்லதாப் போச்சு” என்றாள்.

இப்படிக் கேள்வி கேட்காமல் நம்புகிறவளை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலையே மாமியார் தொலைபேசியில் கூப்பிட்டு, நாளைக்கு வருகிறேன், குதிரையைப் பார்த்து நாளாயிற்று என்றார். அதன் பிறகு சமையலறையில் ஏதோ கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. எலி என்றாள் மனைவி. அவர் எலிப்பொறி வைத்தார். மறுநாளிலிருந்து எலிச் சத்தமே இல்லை.

மறுநாள் காலையில் இன்னொன்றும் நடந்தது. மனைவி தானாக வந்து அவர் கையைப் பிடித்துக் கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். “பட்டை இறுக்கமா இருந்தாத்தான் சரியா வேலை செய்யுமாம்” என்றாள். அவள் இப்படிக் கையைப் பிடித்து எவ்வளவு காலம் ஆகிறது. அவர் நெகிழ்ந்துபோனார்.

இப்போது அந்தக் கைதான் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“பொய் சொன்னா கத்துமா இது?” என்றார் மாமியார்.

“பொய்க்கு இல்ல அத்தை. பதறினாத்தான்.”

“எங்க ஸ்கூல்ல ரெண்டும் ஒண்ணுதான். சரி, சோதிச்சுப் பாத்துடலாம். உங்க வேலை என்ன?”

“ரயில்வே அறிவிப்பாளர்.”

கடிகாரம் சும்மா இருந்தது.

“இன்னைக்குச் சமையல் நான் பண்ணினது. எப்படி இருக்கு?”

எல்லாவற்றிலும் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. அறிவிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். “பிரமாதம் அத்தை.”

கடிகாரம் அப்போதும் சும்மாதான் இருந்தது. அன்றைக்கு அவர் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான். கடிகாரத்துக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்.

“சரி. எந்தக் கடையில ஃப்ரேம் போடக் குடுத்தீங்க?”

கீச், கீச், கீச், கீச். மனைவி கையிலிருந்து கரண்டி நழுவிக் கீழே விழுந்தது.

“அவர நிம்மதியா சாப்பிட விடும்மா” என்றாள் அவள். அவள் கையிலும் அதே மாதிரி ஒரு கடிகாரம் இருந்தது. அது வாயே திறக்கவில்லை. மடியில் கனம் இல்லாதவள் என்று அறிவிப்பாளர் பொறாமையோடு நினைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் பால்கனிக்குப் போய் மூச்சுப் பயிற்சி செய்தார். எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. மூச்சு சீராக வந்தது. மனசு காலி அறை மாதிரி ஆனது. இதுதான் நான் என்று அவர் நினைத்தபோது உள்ளே மாமியார் மகளிடம் ஏதோ கேட்கிற குரல் வந்தது. உடனே கடிகாரம் அலறியது. மாமியாரின் கேள்வி காதில் சரியாக விழக்கூட இல்லை, அதற்குள் இதயத்துக்கு எப்படிக் கேட்டது என்று அவருக்கு விளங்கவில்லை.

கடிகாரத்தைக் கழற்றினால் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன் வந்துவிடும். அதனால் கழற்றாமல் சத்தத்தை மட்டும் அடக்கப் பார்த்தார். பட்டையை நெகிழ்த்தி, பின்பக்கம் ஒட்டியிருந்த மஞ்சள் பொட்டுக்கு மேல் பஞ்சை அடைத்து, அதன்மேல் கைக்குட்டையைச் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு காலுறையைப் போட்டுக்கொண்டார். சத்தம் அடங்கவில்லை, மெலிந்துதான் போயிற்று.

“கையில என்ன மாப்பிள்ளை, கோழிக்குஞ்சா?” என்றார் மாமியார்.

மறுநாள் மாமியார் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரில் இருக்கிற ஃப்ரேம் கடைகளை எல்லாம் பார்த்துவிடுவது என்று கிளம்பினார். அறிவிப்பாளர் வேலைக்குப் போனார். கடைகளை நினைத்தோ என்னவோ, காலையிலிருந்து கடிகாரம் ஓயவில்லை.

“விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் முதலாம் நடைமேடைக்கு வந்து சேரும்” என்றார் மைக்கில். கீச், கீச் என்றது ஒலிபெருக்கி.

சாமான் தூக்குகிறவருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். நடைமேடையில் அவர் எல்லோருக்கும் விளக்கினார்: “தாமதம் கையில பொய் பிடிக்கிற மெஷின் கட்டி விட்டிருக்காங்க. கத்திச்சுன்னா அந்த ஆள் சொல்றது பொய்.”

பயணிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பெட்டி படுக்கைகளைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். விரைவு வண்டி சொன்னபடி சரியான நேரத்துக்கு வந்து நின்றது. அறிவிப்பாளருக்கு நினைவு தெரிந்து அது நேரத்துக்கு வந்தது அன்றுதான். ஏறுவதற்கு ஓர் ஆள் இல்லை.

ரயில் நிலைய அதிகாரி அவரை அறைக்குக் கூப்பிட்டார். அறிவிப்பாளர் வேறு வழியில்லாமல் குதிரைக் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். அதிகாரியும் கல்யாணமானவர்தான். முழுதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: “குதிரைய எப்படியாவது சுவர்ல மாட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் மைக் பக்கம் வர வேண்டாம்.”

அறிவிப்பாளர் நேராக, கடைப் பலகைகளுக்குப் படம் எழுதுகிற ஓவியரிடம் போனார்.

“ஒரு குதிரை வேணும். கால் ஒவ்வொண்ணும் வேற வேற மிருகத்தோடது மாதிரி இருக்கணும்.”

“அது ஏன் சார்?”

“பல்லு மனுஷப் பல்லு. முழுசாத் தெரியணும். கண்ணு ரெண்டும் நம்ம தட்டையே பாக்கணும்.”

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். “சார், என் கைக்கு அதெல்லாம் வராது. வேணும்னே தப்பா வரையச் சொன்னா கை ஓடாது.”

கெஞ்சிப் பார்த்தார். ஓவியரும் பாவம், முயன்றுதான் பார்த்தார். ஒரு காலைக் கோணலாகப் போட்டார், பொறுக்க முடியாமல் உடனே திருத்தினார். இப்படியே ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்திக் கடைசியில் பிடரி பறக்கப் பாய்ந்து வரும் ஓர் அருமையான குதிரை வந்து நின்றது. மனிதப் பற்களை மட்டும் அறிவிப்பாளர் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதை வரைந்து முடித்ததும் ஓவியர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்துக் காகிதத்தைப் பிரித்தார். பிரிக்கும்போதே கடிகாரம் ஆரம்பித்துவிட்டது. முழுக் குதிரையும் வெளியே வந்தபோது அது கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. மனைவி பேயைப் பார்த்தவள் மாதிரி நின்றாள். அவளுக்கு உதடெல்லாம் வெளுத்துவிட்டது.

மாமியார் கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஃப்ரேம் மாத்தினதும் என்னமா இருக்கு” என்றார் கடைசியில். “நான் இவ்வளவு நல்லா வரைஞ்சிருக்கேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.”

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். கடிகாரம் விடவில்லை.

“படந்தான் வந்துடுச்சே. இன்னும் எதுக்கு மாப்பிள்ளை கத்துது?” பரீட்சை அறைக் குரல் திரும்பிவிட்டது.

அறிவிப்பாளர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. அதை அவரால் தாங்க முடியவில்லை. தன் பொய்யால் இந்த அப்பாவி என்ன பாடு படுகிறாள் என்று நினைத்தார். ரயில் தாமதத்தைச் சொல்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“குதிரை தொலைஞ்சு போச்சு அத்தை. தப்பு என்னுது. நான்தான் வாசல்ல வச்சேன். குப்பை வண்டியில போயிருக்கும். இது வேற ஆள்கிட்ட வரைஞ்சு வாங்கினது.”

அவர் சொல்லச் சொல்லக் கடிகாரம் தணிந்தது. ‘குப்பை வண்டி’ என்றபோது ஒரே ஒரு தடவை முனகியது. பிறகு சுத்தமாக ஓய்ந்துவிட்டது.

“பாத்தீங்களா அத்தை? உண்மையைச் சொன்னதும் அடங்கிடுச்சு.” அவருக்கு உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். “குப்பை வண்டியிலயா போச்சு?” என்று கேட்டபோது அந்தக் குரலில் தலைமையாசிரியை இல்லை. தன் கையால் வரைந்ததை இழந்த ஒரு பெண்மணிதான் இருந்தார். அறிவிப்பாளருக்கு நிஜமாகவே நெஞ்சு கனத்தது.

“விடும்மா, தெரியாம நடந்தது” என்று மனைவி குறுக்கே வந்தாள். “தப்ப ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும்மா. எல்லாருக்கும் வராது.”

மாமியார் மூக்கை உறிஞ்சினார். சற்று யோசித்தார். “சரி, போகட்டும். நான் இங்கேயே தங்கி வேற வரையறேன். கூடத்துல சுவருக்கு ஒண்ணா மாட்டிக்கலாம்.”

கீச் என்றது கடிகாரம்.

அறிவிப்பாளர் அதைத் தண்டனையாக ஏற்றுக்கொண்டார். சாயக் கிண்ணம் பிடித்தார். தூரிகை கழுவினார். மாமியார் ஓவியரின் குதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மூலையில் வைத்துவிட்டார். புதுக் குதிரைகளுக்குப் பொறுமையான முகம் வேண்டும் என்று சொல்லி, மருமகனையே மாதிரியாக ஜன்னலோரம் நிற்க வைத்து வரைந்தார். ஆனால் ஒரு நல்லதும் நடந்தது. மனைவி அவரை விழுந்து விழுந்து கவனித்துக்கொண்டாள். கேட்காமலே சட்டைக்கு இஸ்திரி போட்டாள். தட்டில் வைத்தது தீருவதற்குள் மறுபடி வைத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் குடும்பத்தில் இவ்வளவு அன்பு பெருகுமா என்று அறிவிப்பாளர் வியந்துபோனார். இதை அப்போதே செய்திருக்கலாமே என்று வருத்தமாகவும் இருந்தது.

ஆராய்ச்சி முடிந்ததும் இரண்டு பேருமாகக் கருவிகளைத் திருப்பிக் கொடுக்க நிலையத்துக்குப் போனார்கள். தானே போய்க் கொடுத்துவிட்டு வருவதாக மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. அவளைத் தனியாக அலைய விட அவருக்கு மனம் வரவில்லை.

ஆராய்ச்சி மாணவி உற்சாகமாக வரவேற்று, நிலையத்தைச் சுற்றிக் காட்டினாள். “இந்த ரூம்லதான் சார் அதிர்ச்சிச் சோதனை. ஆளை உக்கார வச்சு, திடீர்னு திரையை விலக்கி ஒரு படம் காட்டுவோம். இதயமும் நரம்பும் எப்படித் துள்ளுதுன்னு அளப்போம். முன்னாடி புலி, பாம்பு எல்லாம் வச்சிருந்தோம். இப்ப இது ஒண்ணு வந்ததுக்கு அப்புறம் வேற எதுவும் தேவையே படல.”

அவள் திரையை விலக்கினாள். வாய் நிறைய மனிதப் பற்களோடு குதிரை சிரித்தது.

அறிவிப்பாளரின் கடிகாரம் இதுவரை கத்தாத கத்தலாகக் கத்தியது. கருவிகளைக் கொடுத்து வாங்கும் பணியாளர் அம்மா பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார்.

“பாத்தியா, நம்ம குதிரை” என்றார் அறிவிப்பாளர் மனைவியிடம். “குப்பை வண்டிக்காரர் எடுத்துட்டு வந்து இங்க குடுத்திருக்கார் போல. என் நெஞ்சு எப்படி அடிச்சுக்குது பாரு.”

அடித்துக்கொள்கிற நெஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தார். உள்ளே அது எந்த அவசரமும் இல்லாமல், வழக்கம்போல நிதானமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கை மாற்றி வைத்துப் பார்த்தார். அப்போதும் அப்படியேதான் இருந்தது. மனைவி கதவுப் பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தாள்.

பணியாளர் அம்மா அவர் கையைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றி, பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, இந்தக் குதிரைய வண்டி வச்சுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போனீங்களே, அன்னைக்கே மஞ்சப் பொட்டு வச்ச கடிகாரம் உங்களுதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அதப் போயி சார் கையில கட்டி விட்டிருக்கீங்க?”